ரோஸ் கலர் சுவரும் தேங்காய் எண்ணெய் பாட்டிலும்

முச்சந்தியில் திருஷ்டி கழித்து உடைத்துப் போட்டிருந்த தேங்காயை எடுத்து வந்து, மண்ணைத் தட்டி, கழுவி, சட்னி அரைத்துச் சாப்பிட்டவன் நான். ஒரு தடவை இல்லை, அமாவாசைக்கு அமாவாசை. இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பெரியவர் பயந்தாங்கொள்ளி, எதையோ பார்த்து மிரண்டிருக்கிறார் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. பேய், பிசாசு, ஏவல், செய்வினை, கண்ணேறு எதையும் நான் நம்பினதில்லை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பகுத்தறிவுக் கூட்டங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டின ஆள். இன்றைக்கும் நம்புவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதானே, அதை நான் எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?

அறுபதுகள் முடியப்போகிற சமயம். ஓசூர் என்றால் நீங்கள் இப்போது பார்க்கிற ஓசூர் இல்லை. கம்பெனிகள் வரவில்லை, மேம்பாலம் கிடையாது. பெங்களூர் ரோட்டில் நாலைந்து லாரிப் பட்டறைகள், அதில் ஒன்றில் நான் மெக்கானிக். பேர் மாணிக்கம். பட்டறைக்குப் பின்னால் ஓட்டு வீட்டு வரிசையில் கடைசி வீடு எங்களுடையது, அப்போது வாடகைக்கு இருந்தோம். மார்கழி வந்தால் குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். காலையில் ஸ்பேனரைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் கல்லாகிக் கிடக்கும், பாட்டிலை வெயிலில் வைத்தால்தான் தலைக்கு எண்ணெய்.

என் பெண்டாட்டி சரசுவுக்கு அப்போது முதல் பிரசவம். அம்மா இல்லாத பெண், அதனால் பர்கூரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பஸ் ஏறுவதற்கு முன்னால் முன் ரூம் நடுவில் நின்றுகொண்டு நாலு சுவரையும் ஒரு சுற்று பார்த்தாள். அந்தச் சுவர்கள் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி என் பட்டறைச் சட்டை நிறத்தில் இருந்தன.

"ஏங்க, நான் கொழந்தையோட வரப்ப இந்த ரூமு ரோஸ் கலர்ல இருக்கணும்."

"ரோஸா? பட்டறையில ஒரு டப்பா சாம்பல் பெயிண்டு மிச்சம் கெடக்குது. அடிச்சா பத்து வருசத்துக்கு அசையாது."

"அதுல கொழந்தைய படுக்க வெக்கறதுக்கு நான் என்ன லாரியா பெத்துக்கப் போறேன்?"

எந்த ரோஸ் என்று கேட்டேன். பெங்களூரில் டாக்டரைப் பார்க்கப் போனபோது வழியில் ஒரு வீட்டைப் பார்த்தாளாம். மிட்டாய் ரோஸ் இல்லையாம். கொய்யாப்பழத்தைப் பிட்டால் உள்ளே இருக்குமே, அந்த ரோஸாம். பார்த்தாலே கதகதப்பாக இருக்க வேண்டுமாம். ஆகட்டும் மகாராணி என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். அதோடு மறந்தும் போனேன், அதுதான் என் குணம்.

எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. ஓடிப் போய்ப் பார்த்தேன். துணியைப் பிரித்துக் காட்டினார்கள். அணில் குஞ்சுதான், வேறென்ன சொல்ல. என் கட்டை விரல் அளவுக்கு அதன் கால். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள்: "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. குளிர் மட்டும் பட்டுடக் கூடாது. மூணு மாசம் தாண்டிட்டா பொழச்சுக்கும்." பர்கூரில் ஓசூர் அளவுக்குக் குளிர் கிடையாது, பொங்கல் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று பேசிவிட்டு வந்தேன். பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். சும்மா இருக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்வக்கோளாறில் முன் ரூம் சுவரை எல்லாம் சுரண்டிப் போட்டேன். சுரண்டின சுவர் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. அதோடு கை வலிக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மார்கழி பாதியில் ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்காரரிடமிருந்து கார்டு வந்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அம்மை போட்டிருக்கிறது. பச்சைக் குழந்தையை இனி அங்கே வைத்துக்கொள்ள முடியாது. வியாழக்கிழமை அனுப்புகிறோம். கார்டு வந்ததே புதன்கிழமை. வீட்டிலோ மண் உதிர்கிற சுவர், அதன் கீழே அந்த அணில் குஞ்சை எப்படிப் படுக்க வைப்பது?

ஓடினேன் சவரியிடம். சவரிமுத்து என்னோடு பட்டறையில் டிங்கர் வேலை செய்கிறவன். கிறிஸ்துமஸுக்கு வருடா வருடம் தன் வீட்டுக்குத் தானே சுண்ணாம்பு அடிப்பான், அந்த வருடமும் அடித்து முடித்திருந்தான். அவனிடம் கல் சுண்ணாம்பு மீதி இருந்தது, ரோஸ் பொடியும் மீதி இருந்தது.

"சுண்ணாம்ப தாளிச்சு ஒரு ராத்திரி ஊற வெக்கணும்டா. இல்லைனா செவுத்துல போயி கொதிக்கும்" என்றான்.

"ராத்திரி எங்க இருக்குது சவரி, நாளைக்கு சாயந்திரம் பஸ்ஸுல வராங்க."

வியாழக்கிழமை விடிந்ததும் தொட்டியில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். புஸ்ஸென்று புகைந்து, உலைத் தண்ணீர் மாதிரி கொதித்து அடங்கியது. அடங்கின கையோடு வடிகட்டினோம். சவரி ரோஸ் பொடியை இரண்டு தட்டில் கரைத்து வைத்தான். ஒரு தட்டை ஒரு வாளிக்கு. முதல் வாளி முடிவதற்குள் இரண்டு சுவர் ஆகிவிட்டது. இரண்டு கோட்டு. காயக் காய வெளுத்து, கடைசியில் அது மிட்டாய் ரோஸாகத்தான் வந்தது. இருக்கிற அவசரத்தில் கொய்யாப்பழத்துக்கு நான் எங்கே போவேன்? போனால் போகிறது, சரசு திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டாம் வாளிக்குச் சுண்ணாம்பை எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வாசலில் லாரி ஹாரன். சாயங்காலம் வரவேண்டியவள் நடுப்பகலில் வந்து நிற்கிறாள். தெரிந்த லாரி ஒன்று பர்கூரிலிருந்து பெங்களூர் போனதாம். இன்ஜின் சூட்டுக்குக் கேபின் கதகதப்பாக இருக்கும், குழந்தைக்கு நல்லது என்று அக்கா வீட்டுக்காரர் ஏற்றிவிட்டாராம். புத்திசாலி மனுஷன்தான், என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

அடுத்த வீட்டு கங்கம்மா அதற்குள் சேதி தெரிந்து ஆரத்தித் தட்டோடு ஓடிவந்துவிட்டாள். தெலுங்குக்காரி, ஒன்பது பேர் இருக்கிற வீட்டை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவக்கச் சிவக்க ஆரத்தி. சரசுவையும் குழந்தையையும் வாசலில் நிறுத்தி மூன்று சுற்று சுற்றி, "ஊரு கண்ணு, நாயி கண்ணு, நரி கண்ணு, எல்லாம் போவட்டும்" என்று சொல்லி, இரண்டு பேர் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். வழக்கப்படி அந்தத் தண்ணீரை அவளே கொண்டுபோய் முச்சந்தியில் ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் குழந்தையைத் தூக்கும் அவசரம் அவளுக்கு. தட்டை என் கையில் திணித்தாள்.

"ஏமப்பா மாணிக்கம், இத முச்சந்தியில ஊத்திட்டு வா. திரும்பிப் பாக்காம வா."

நான் தட்டோடு உள்ளே வந்தேன். முச்சந்தி வரைக்கும் எவன் நடப்பான், சாக்கடையில் ஊற்றினால் போகிறது என்றுதான் நினைப்பு. அதே நேரம் ஏணி மேலிருந்து சவரி, "கலர குடுடா, சுண்ணாம்பு ஆறுது" என்று கையை நீட்டினான். அவனைப் பார்ப்பேனா, குழந்தையைப் பார்ப்பேனா, சரசு முகத்தைப் பார்ப்பேனா? கையிலிருந்த தட்டை அவனிடம் கொடுத்துவிட்டேன். தரையில் இன்னொரு தட்டில் சிவப்பாகத் தண்ணீர் இருந்தது, அதுதான் ஆரத்தி என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் கங்கம்மா பார்த்துக்கொண்டே நின்றதால் ஒழுங்குப் பிள்ளையாக முச்சந்திக்கே போய் ஊற்றிவிட்டு வந்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, சத்தியமாக.

மீதி இரண்டு சுவரை விட்டுவிடலாமா என்று கேட்டேன். சரசு தொட்டுப் பார்த்தாள், விரலில் மண் வந்தது. "முடிச்சிடுங்க. கங்கம்மா வூட்டுல உக்காந்துக்கறேன். ஆனா அங்க ராத்திரி தங்க முடியாது, நாலு பேரு இருமிக்கிட்டு இருக்காங்க" என்றாள். இரண்டு மணி நேரம் வெயில் இருந்தால் சுண்ணாம்பு காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். அடித்து முடித்தோம். வெயில்தான் வரவில்லை. மேகம் மூடி, பிசுபிசுவென்று தூறல் ஆரம்பித்தது.

சாயங்காலம் அவர்களை உள்ளே கூட்டிவந்தபோது எனக்கே உடம்பு நடுங்கியது. தூறலில் காய்ந்த சுவரும் நமத்துப்போய், நாலு சுவரும் ஈரம். சுண்ணாம்பு வாடை. தரையெல்லாம் சில்லென்று கிடக்கிறது. கரி அடுப்பை மூட்டி வைத்தேன், புகையில் குழந்தை தும்ம ஆரம்பித்தது. வெளியே எடுத்து வைத்தேன், குளிர் ஏறியது. இரண்டு கம்பளி, என் சட்டை, வேட்டி எல்லாம் சுற்றியும் அந்தப் பாதம் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. சரசு என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு மாசம் இருந்துச்சு உங்களுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம், அழுதேன், அதில் என்ன வெட்கம். என் சோம்பேறித்தனத்தால் என் குழந்தை போய்விடப் போகிறது என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வண்டி கிடைக்குமா என்று பார்க்கக் கிளம்பினேன். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது சரசு குழந்தையோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், ஈரம்! சீலையெல்லாம் ஒட்டிக்கும்!"

அவள் எழுந்திருக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "ஏங்க, இங்க வாங்களேன். கைய வெச்சுப் பாருங்க."

வைத்தேன். சூடு. அடுப்புச் சூடு மாதிரி சுள்ளென்று இல்லை. பால் கறக்கும்போது மாட்டு வயிற்றில் தலையைச் சாய்த்தால் ஒரு சூடு இருக்குமே, அப்படி. சரசு சாய்ந்த இடத்தில் ஒரு முறம் அளவுக்குச் சுவர் சுத்தமாகக் காய்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் கைவைத்தால் வழிகிற ஈரம். அவள் சேலையில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு கிடையாது. காய்ந்த இடத்து நிறத்தை அப்போதுதான் பார்த்தேன். கொய்யாப்பழத்தைப் பிட்ட மாதிரி இருந்தது.

எனக்கு உயிர் வந்தது. உடனே பகுத்தறிவும் வந்தது. "ஊறாத சுண்ணாம்பு இல்லியா, செவுத்துல தாளிக்குது. ரசாயனம்! சவரி சொன்னான்" என்று விளக்கினேன்.

"என்ன எழவோ இருக்கட்டும். தூளிய இந்தச் செவுத்தோரமா கட்டுங்க."

கட்டினேன். விடிகாலையில் எழுந்து பார்த்தால் அம்மாவும் பிள்ளையும் அயர்ந்து தூங்குகிறார்கள். தூளிக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது, சுவர் நிறத்துக்கே வந்திருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் பட்டறை முழுக்க எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சவரிக்கு மட்டும் சந்தேகம். "தாளிக்கறது ஒரு மணி நேரத்துல அடங்கிடும்டா. ராத்திரி பூரா எப்படி சுடும்?" என்றான். மூன்றாம் நாளும் சுட்டது. நம்பினால் நம்புங்கள், ஒரு வாரம் கழித்தும் சுட்டது. எனக்குத் தூக்கம் போனது. கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை சோதனையில் இறங்கினேன். நாலு பாட்டிலில் தேங்காய் எண்ணெய், நாலும் கல்லாக உறைந்தது. ஒவ்வொரு சுவரோரமும் ஒன்று. தூளி கட்டியிருந்த சுவரில் மட்டும் எண்ணெய் தண்ணீராக உருகிவிட்டது. மற்ற மூன்றும் அசையவில்லை. இரண்டாம் வாளி அடித்த இன்னொரு சுவரும் காய்ந்து கொய்யா நிறத்தில்தான் இருந்தது, தூளியை அவிழ்த்து அந்தச் சுவரோரம் கட்டினேன். அரை மணியில் அந்தப் பாட்டில் உருகியது, பழைய பாட்டில் மறுபடி வெள்ளையாக உறைய ஆரம்பித்தது. மிட்டாய் ரோஸ் சுவர் இரண்டிலும் கட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, குழந்தைதான் சிணுங்கியது. சரசு வந்து பாட்டில்களைப் பிடுங்கிக்கொண்டு போனாள், எண்ணெய் என்ன விலை தெரியுமா என்று.

ஒரே சுண்ணாம்பு, ஒரே பொடி, அடித்த மட்டையும் ஒரே மட்டை. அப்புறம் என்ன வித்தியாசம்? சவரி வீட்டிலும் இதே சுண்ணாம்புதானே என்று அங்கே போனேன். நாலு சுவரையும் கட்டிப்பிடித்து, கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சவரி பெண்டாட்டி தெரேசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கண்ணே, எங்க வூட்டு செவுத்துக்கு முத்தம் குடுக்கறீங்க?"

சுவர் பனிக்கட்டியாக இருந்தது. தெரேசா அந்தக் கதையை மாதா கோயில் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

குட்டு உடைந்தது முச்சந்தியில்தான். ஒரு வாரத்துக்கு மேல் பிடித்திருந்த தூறல் விட்டு வெயில் வந்ததும் முச்சந்தி மண் பளீரென்று மிட்டாய் ரோஸாகக் கிடந்தது. தெரு நாய்கள் எல்லாம் ரோஸ் காலோடு திரிந்தன. கங்கம்மா அதைக் குனிந்து பார்த்து, விரலால் தேய்த்து, மோந்து பார்த்து, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"என் ஆரத்தி எங்கப்பா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரைத் தொட்டுப் பார்க்க வந்திருந்த சவரியைப் பார்த்தேன், அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அய்யோ தேவுடா! கண்ணு கழிச்ச தண்ணிய வூட்டு செவுத்துலயா பூசுவாங்க? ஊரு கண்ணு பூரா இதுல ஒட்டிக்கிட்டு இருக்குது. சொரண்டி எடுங்க, இப்பவே!"

அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. வெளியே போகவேண்டியதை எல்லாம் நான் வீட்டுக்குள் பூசி வைத்திருக்கிறேன். எனக்கோ இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்றைக்குச் சிரிக்கவும் முடியவில்லை, என்ன சொல்ல.

சரசு தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "கங்கம்மாக்கா, நீங்க சுத்துன ஆரத்திதான் என் புள்ளைய காப்பாத்துது. ஊரு கண்ணு இருந்தா இருந்துட்டுப் போவட்டும், பாத்துக்கிட்டே இருக்கட்டும். இந்தச் செவுத்த எவனாவது சொரண்டுனா கைய ஒடிப்பேன்." அப்படிச் சொல்லிவிட்டு என்னை ஏன் முறைத்தாள் என்று தெரியவில்லை.

கங்கம்மா யோசித்தாள். சுவரில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அப்புறம் வீட்டுக்குப் போனவள், மறுநாளிலிருந்து மூட்டு வலிக்கு ஒத்தடம் என்று மத்தியானம் மத்தியானம் வந்து தூளிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

குழந்தை தேறியது. செந்தாமரை என்று நான் பேர் வைத்தேன், சவரி ரோசி என்று கூப்பிட்டான். மார்கழி போய், தை போய், மாசியும் முடியப்போகிறது. ஒரு நாள் பட்டறையிலிருந்து வந்து வழக்கம்போல் முதலில் சுவரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. "சரசு!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினால், பாயில் என் மகள் குப்புற விழுந்து, தலையை நிமிர்த்தி, எச்சில் வழியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல் தடவை குப்புற விழுந்தாளாம். டாக்டரம்மா சொன்ன மூன்று மாதமும் அதோடு தாண்டியிருந்தது. தூளியை எந்தச் சுவருக்கு மாற்றினாலும் அப்புறம் சூடு வரவில்லை. எண்ணெய் வைத்தும் பார்த்தேன், திட்டும் வாங்கினேன்.

மஞ்சள் கலந்த நிறம் நாலு வெயிலில் வெளுத்துவிடும் என்று சவரி சத்தியம் செய்தான். வெளுக்கவில்லை. மிட்டாய் ரோஸ்தான் வெளுத்தது. பிற்பாடு அந்த வீட்டை நாங்களே வாங்கினோம், ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போட்டோம். ஆனால் அந்த இரண்டு சுவரை இடிக்கவும் சுரண்டவும் சரசு விடவில்லை. மேலே மேலே பூசிக்கொண்டே வந்திருக்கிறோம், எப்போதும் அதே நிறம். பெயிண்டுக் கடையில் அட்டையை நீட்டினால் என் பெண்டாட்டி கொய்யாப்பழத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போவாள். செந்தாமரைக்கே இப்போது பேத்தி இருக்கிறாள். இத்தனை வருடத்தில் எனக்கு டைஃபாய்டு வந்தது, சரசுவுக்கு மஞ்சள் காமாலை வந்தது, அதே ரூமில்தான் படுத்துக் கிடந்தோம். சுவர் சும்மா சுவராகத்தான் இருந்தது. அதனால் நானும் அது ஏதோ ரசாயனம், நமக்குத் தெரியாத ரசாயனம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கல்யாண வீடுகளில் சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மார்கழி வரைக்கும்.

அந்த ரூமில்தான் இப்போது நாங்கள் இரண்டு பேரும் படுக்கிறோம். கொய்யாச் சுவர் இரண்டும் சேருகிற மூலையில், ஒரு சுவரோரம் என் கட்டில், இன்னொரு சுவரோரம் அவள் கட்டில், தலைமாடு இரண்டும் மூலைப் பக்கம். மூலையில் ஒரு ஸ்டூல், அதில் மருந்து, கண்ணாடி, தேங்காய் எண்ணெய் பாட்டில். ஒரு நாள் காலையில் தலைக்குத் தேய்க்க அந்தப் பாட்டிலைச் சாய்த்தேன். தண்ணீராக ஊற்றியது. சமையலறையில் இருந்த பாட்டில் கல்லாக இருந்தது.

மூலையில் கையை வைத்தேன், எந்தச் சுவர் சுடுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது. ஐம்பது வருடம் தாண்டியும் அந்தச் சூட்டை என் கை மறக்கவில்லை.

அன்றைக்கே பெங்களூர் போய் இரண்டு பேருக்கும் எல்லா டெஸ்டும் எடுத்தேன். சும்மா ஒரு செக்கப் என்று சரசுவிடம் சொன்னேன். டாக்டர் பேப்பரைப் புரட்டிவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல தாத்தா, ஜம்முனு இருக்கீங்க" என்றார். சரசு வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள், மைசூர்பாக்கு வாங்கிக்கொண்டாள். சுவர் மட்டும் இன்றைக்கு வரைக்கும் சுடுகிறது.

யாருக்காகச் சுடுகிறது என்று கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். என் கட்டிலை ஒரு ராத்திரி ஹாலுக்கு நகர்த்திப் போட்டு, காலையில் பாட்டிலைப் பார்த்தால் போதும். உறைந்திருந்தால் நான், உருகியிருந்தால் அவள். வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நானே செய்து பார்த்த சோதனைதான். முந்தாநாள் சரசுகூட, "மூலையில காத்து வரல, உங்க கட்டில அந்தப் பக்கம் போடலாமா?" என்று கேட்டாள்.

வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.